கல்லூரி வானொலியில் தவில் போட்டால் ஆட்கள் ஓடுகிறார்கள், என்ன செய்யலாம்?

வேப்பங்காற்று எழுதியது:

வணக்கம். யாழ்ப்பாணத்தில் எங்கள் கல்லூரி மாணவர் வானொலியின் நிகழ்ச்சிப் பொறுப்பு இந்த வருடம் என் தலையில். பண்பலை இல்லை, இணையத்தில் மட்டும் ஓடுகிறது. பகல் இடைவேளையில் கன்ரீனில் தொங்கும் இரண்டு ஸ்பீக்கரிலும் கேட்கும். அறிவிப்பாளர்கள் பதினாறு பேர். பதினாறு பேரும் போடுவது அதே சினிமாப் பாட்டுகள். காலையில் ஒருத்தி போட்டதையே பின்னேரம் வேறொருவன் ‘உங்களுக்காக விசேடமாக’ என்று போடுவான். போன மாதம் ஒரு நாள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன்: ஒரே பாட்டு ஐந்து தடவை.

இதை மாற்றலாம் என்று வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு ‘மண்ணின் இசை’ தொடங்கினேன். தவில், கத்தோலிக்கரின் தவக்காலப் பசாம், கூத்துப் பாட்டு, மலையகத்துத் தப்பு, புத்தளம் பக்கத்து ஆபிரிக்க வம்சாவளியினரின் மன்ஜா, எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள். தொடங்கும்போது கேட்டுக்கொண்டிருந்தவர்கள் முப்பத்தெட்டுப் பேர். முடியும்போது ஐந்து. அந்த ஐந்தில் இரண்டு நாங்கள், ஒன்று என் அம்மா.

எங்களைக் கவனிக்கும் ஆசிரியர் ஒருவர் சினிமாப் பாட்டையே தடை செய் என்கிறார். நண்பர்கள் ‘கேட்கிறதைப் போடு, சோலி முடிந்தது’ என்கிறார்கள். என் யோசனை, ஒவ்வொரு அறிவிப்பாளரும் மணிக்கு மூன்று சினிமா அல்லாத பாட்டாவது போட வேண்டும் என்று ஒரு விதி. சரிவருமா? வானொலி அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய அலைவரிசை எழுதியது:

தம்பி, தடை செய்யும் யோசனை புதிதல்ல. 1952 இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த பி. வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு தரக்குறைவு என்று அகில இந்திய வானொலியில் அதை ஒதுக்கிவிட்டார். சனம் கர்நாடக, ஹிந்துஸ்தானி இசைக்கு மாறியதா? இல்லை, றேடியோவின் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்கு வந்தது. அமீன் சயானியின் ஹிந்திப் பாட்டு நிகழ்ச்சி கொழும்பில் இருந்து இந்தியா முழுக்கக் கேட்டது. ஆட்கள் போவதைப் பார்த்துவிட்டு அங்கே 1957 இல் விவித் பாரதியைத் தொடங்கினார்கள். தமிழில் மயில்வாகனன், கே. எஸ். ராஜா, அப்துல் ஹமீத் குரல்களுக்குத் தமிழ்நாட்டிலும் ரசிகர்கள் இருந்தார்கள் என்றால் அதற்குள் இந்தக் கதையும் இருக்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். சினிமாப் பாட்டால் பெயர் எடுத்த அதே வானொலிதான் உள்ளூர்க் கலைஞர்களைப் பாடவைத்து மெல்லிசைப் பாடல்களும் ஒலிபரப்பியது. சினிமாப் பாட்டுக்காக வந்து இருந்தவன், அடுத்து வந்த ஈழத்துப் பாட்டையும் கேட்டான். ஆட்களை விரட்டிவிட்டு யாருக்குத் தவில் போடப்போகிறீர்கள்?

இன்னொன்று, இது பகிடிக்குச் சொல்வது. தொண்ணூறுகளில் இங்கே கரண்ட் இல்லை, பற்றரியும் வராது. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, கையால் பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டவர்கள் நாங்கள். சுற்றுவது குறைந்தால் அறிவிப்பாளரின் குரல் கிணற்றுக்குள் இறங்கிவிடும். செய்தி நேரத்தில் எனக்குக் கை நோகும், பாட்டு வந்தால் நோகாது. அப்பாவுக்கு நாதஸ்வரம் வேண்டும் என்றால் அவரே வந்து சுற்ற வேண்டும். எங்கள் வீட்டில் பெடல் யார் கையிலோ அவர்தான் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்.

சீனிவெடி எழுதியது:

அண்ணை, கோவிக்க வேண்டாம். உங்கள் வெள்ளிக்கிழமை நிகழ்ச்சியின் பதிவைப் பிறகு கேட்டேன். முதல் பாட்டு வருமுன் ‘பாரம்பரியம்’ என்று ஒன்பது தடவை சொன்னீர்கள். பரிசளிப்பு விழாவில் தலைமையுரை கேட்ட மாதிரி இருந்தது. நான் ராப் கேட்கிறவன். ஆனால் கோயில் திருவிழாவில் தவில் சமா நடந்தால் விடியுமட்டும் நிற்பேன். அங்கே ஒருவரும் மைக்கைப் பிடித்து இது உங்கள் பாரம்பரியம் என்று சொல்வதில்லை.

டெசிபல் எழுதியது:

நானும் அந்தப் பதிவைக் கேட்டேன். ஒலிப்பதிவு என் தொழில், அதனால் காதோடு சேர்த்து மீற்றரையும் பார்த்தேன். உங்கள் ஆட்கள் ஓடியதற்கு இசை காரணமா என்று எனக்குச் சந்தேகம்.

முன்னைய நிகழ்ச்சியின் கடைசிச் சினிமாப் பாட்டு, சத்தத்தை முட்ட முட்ட அழுத்திச் செய்த இக்காலத்துப் பதிவு. அதற்குப் பின் நீங்கள் போட்ட தவில் கசற்றில் இருந்து எடுத்தது. அதன் சத்தம் பாதி கூட வராது. போதாததற்கு இடது பக்கத்தில் மட்டும் கேட்கிறது. ஒற்றை இயர்ஃபோனை வலது காதில் செருகிக்கொண்டு பஸ்ஸில் போகிற பிள்ளைக்கு உங்கள் வானொலி செத்துப்போய்விட்டது. அவள் வேறு என்ன செய்வாள்? கசற்றை எடுக்கும்போதே ஒலித்தொகுப்பு மென்பொருளில் மோனோவாக, இரண்டு காதிலும் ஒரே மாதிரிக் கேட்கும்படி, மாற்றுங்கள். மிக்ஸ்க்ஸ் (Mixxx) போன்ற பாட்டுப் போடும் இலவச மென்பொருளில் ‘ரீப்ளேகெயின்’ என்று ஒரு தெரிவு உண்டு. அதைப் போட்டுவிட்டால் பழைய பதிவையும் புதிய பதிவையும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் விடும்.

அப்புறம் நீங்கள் விநாடிக்கு 64 கிலோபிற் எம்பி3 ஆக அனுப்புகிறீர்கள். கேட்பவரின் டேட்டாவை மிச்சப்படுத்தத்தான், விளங்குகிறது. மணிக்கு 28.8 மெகாபைற்தான் போகும், 128 ஆக்கினால் 57.6. ஆனால் அந்த 64 இல் பேச்சு தப்பும், கிற்றார் ஓரளவு தப்பும், மேளக் கச்சேரியின் கைத்தாளம் தப்பாது. கிணுகிணு என்று வரவேண்டியது தண்ணீருக்குள் இருந்து வருகிற மாதிரிக் கரைந்துவிடும். ஐஸ்காஸ்ற் என்ற இணைய ஒலிபரப்புச் சேர்வரில் இரண்டு ஓடை வைக்கலாம்: டேட்டா குறைந்தவர்களுக்கு 48 கிலோபிற் ஏஏசி பிளஸ், வைஃபை உள்ளவர்களுக்கு 128 எம்பி3. ஒரு பின்னேர வேலை.

வேப்பங்காற்று எழுதியது:

டெசிபல் அக்கா, சீனிவெடி தம்பி, இருவருக்கும் நன்றி (தம்பிக்குக் கொஞ்சம் குறைவான நன்றி). சேர்வர் பதிவேட்டைத் திறந்து நிமிடக் கணக்குப் பார்த்தேன். இரண்டு மணிக்கு முப்பத்தெட்டு. இரண்டு ஐந்துக்குப் பதினேழு. முதல் பாட்டு தொடங்கியது இரண்டு ஆறுக்கு. அதாவது பாதிக்கு மேற்பட்டவர்கள் தவிலைக் கேட்கவே இல்லை. அவர்கள் ஓடியது என்னிடம் இருந்து. மிச்சப்பேர் அந்த இடதுபக்கக் கசற்றோடு போயிருக்கிறார்கள்.

பனிப்பிரதேசம் எழுதியது:

இப்போது கனடா, முன்பு சில வருடம் நியூயோர்க். அங்கே கொலம்பியா பல்கலைக்கழக வானொலி, டபிள்யூ.கே.சி.ஆர்., எனக்குப் பழக்கமாகிவிட்டது. பில் ஷாப் என்றொருவர் 1970 இல் மாணவராக அதற்குள் போனவர், 2021 இல் இறக்கும்வரை விட்டுப் போகவில்லை. 1981 இல் தொடங்கி, கிழமை நாள் காலைகளில் சார்லி பார்க்கர் என்ற ஒரேயொரு சாக்ஸஃபோன் கலைஞரைப் பற்றி மட்டும் நிகழ்ச்சி. ஒரு பாட்டு, பிறகு அது எந்த நாளில், யார் யார் வாசிக்க, எந்த அறையில் பதிவானது என்று அரை மணி பேசுவார். சீனிவெடி நினைப்பது மாதிரி நீளப் பேச்சே குற்றம் என்று இல்லை. அந்த மனிதர் பேசினால் வாகனத்தை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள், ஏனென்றால் அவருக்கு அது உயிர். பார்க்கரின் பிறந்தநாளான ஓகஸ்ட் 29 க்கு நாள் முழுக்க அவர் இசைதான்.

எனக்குப் பட்டது இது. அந்த வானொலியில் பலவகை இசை இருக்கிறது, ஆனால் ஒரு நிகழ்ச்சிக்குள் பலவகை இல்லை. உங்கள் ‘மண்ணின் இசை’ ஒரு மணி நேரத்தில் யாழ்ப்பாணத்தில் ஏறி, மலையகம் போய், புத்தளத்தில் இறங்குகிறது. கோயில் சுற்றுலா பஸ் மாதிரி, ஒரு இடத்திலும் கும்பிட நேரமில்லை. பதினாறு அறிவிப்பாளர்களில் எதற்காவது பைத்தியமான மூன்று பேரைப் பிடியுங்கள். மணிக்கு மூன்று பாட்டு என்ற விதி வைத்தால் சினிமாப் பைத்தியங்கள் மூன்று பாட்டை வேண்டா வெறுப்பாகப் போட்டுவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான்.

மருதடி ரீச்சர் எழுதியது:

பிள்ளைகள், பேச்சுக்கு இடையில் ஒரு கிழவி. நாற்பது வருடம் சங்கீதம் படிப்பித்தவள்.

எது நல்ல இசை என்று வானொலிக்காரர் தீர்ப்புச் சொன்ன கதைகளில் ஆர்மோனியக் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1940 இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தடை செய்தது. அது மேல்நாட்டுப் பெட்டி, சுரத்தை வளைத்து அசைக்கும் கமகம் பேசாது என்றார்கள். 1971 இல்தான் தடையைத் தளர்த்தினார்கள். அந்த முப்பது வருடமும் இங்கே எங்கள் இசை நாடக மேடைகளில் ஆர்மோனியம் இல்லாமல் திரை விலகியதே இல்லை. நடிகமணி வி. வி. வைரமுத்து அரிச்சந்திரனாக மயானத்தில் நின்று பாடும்போது பக்கத்தில் அந்தப் பெட்டிதான் சேர்ந்து அழும். வைரமுத்துவை விடிய விடிய இருந்து பார்த்த ஒருவரிடம் போய் ஆர்மோனியம் கமகம் பேசாது என்று சொல்லிப் பாருங்கள்.

ஆனால் தம்பி, உங்களிலும் எனக்கு ஒரு குறை. தவிலை மூன்று நிமிடமாக வெட்டிப் போட்டீர்கள். தவில் மேதை அளவெட்டித் தெட்சணாமூர்த்தி 1975 இல் காலமாகிவிட்டார். அவருடைய வாசிப்பைக் கசற்றில் கேட்டே வளர்ந்த தலைமுறை இது. அவர் ஒரு தாளக் கணக்கை விரித்துச் சுருட்டித் தீர்மானத்துக்கு, அதாவது முடிப்பு அடிக்கு, வருவதற்குள் நீங்கள் சத்தத்தைக் குறைத்து ‘அடுத்து’ என்கிறீர்கள். சோற்றை வாய்க்குக் கொண்டுபோகக் கையைத் தட்டிவிட்ட மாதிரி. முழுதாகப் போட நேரமில்லையென்றால் போடாமல் விடுங்கள். சோதனைக் காலத்தில் பிள்ளைகள் இரவிரவாக விழித்திருந்து படிப்பார்கள் அல்லவா? அந்த இரவில் பத்து மணியில் இருந்து மேளக் கச்சேரி, இடையில் பேச்சே இல்லாமல். திருவிழா இரவு மாதிரி. நித்திரை வராது, அதற்கு நான் பொறுப்பு.

ஊர்க்குருவி எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் பகலில் கன்ரீனில் சிங்கள பைலா என்ற துள்ளல் பாட்டு போகிறதே, அதுவும் ‘பலவகை’யா? யாழ்ப்பாணத்து வானொலிக்கு அது எதற்கு? எங்கள் பாட்டைப் போடவே நேரம் காணாது.

சீனிவெடி எழுதியது:

எங்கள் பாட்டு என்றால் எது அண்ணை? நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பாடிய பொப்பைக் கல்யாண வீட்டில் போட்டால் முதலில் எழும்பி ஆடுகிறவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள். அந்தத் துள்ளல் எங்கே இருந்து வந்தது?

பழைய அலைவரிசை எழுதியது:

தம்பி சொன்னதை விரித்துச் சொல்கிறேன். பைலாவின் அந்த ஆறு எட்டுத் (6/8) தாளம் போர்த்துக்கேயர் காலத்தில் இருந்து, ஆபிரிக்க வம்சாவளியினரின் ‘கஃப்ரிஞ்ஞா’ என்ற ஆட்ட இசை வழியாக வந்தது. வொலி பஸ்தியான் அதைச் சிங்களத்தில் மேடைக்குக் கொண்டுவந்தார். எழுபதுகளில் எங்கள் பொப் பாடகர்கள் அதே துள்ளலில் தமிழ் பாடினார்கள். சுத்தம் பார்த்துக் கழித்தால் நித்தியும் இல்லை, மனோகரனும் இல்லை. ஊர்க்குருவிக்கு அரசியல் காரணம் இருக்கலாம். அது எனக்கும் விளங்கும், நானும் இங்கேதான் இருந்தேன். ஆனால் அந்தக் கல்லூரியில் சிங்களப் பிள்ளைகளும் படிக்கிறார்கள் என்றால் கன்ரீன் அவர்களுடையதும்தான்.

ஊர்க்குருவி எழுதியது:

கல்யாண வீட்டுக் கதையை யார் சொன்னது? சரி, ஆடுவேன். ஆனால் பைலா போட்டால் இந்தக் கதையையும் சேர்த்துச் சொல்லிப் போடட்டும். சும்மா சத்தமாக ஓடவிடுவது எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

கரைவலை எழுதியது:

நான் குருநகர், கடற்கரை ஊர். என் மாமா அம்பாப் பாட்டுக்காரர். கரைவலை இழுக்கும்போது ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் ‘ஏலேலோ’ என்று சேர்ந்து இழுக்கும் பாட்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு குழு கமெரா, மைக் எல்லாம் கொண்டு வந்தது. மாமாவைக் கதிரையில் இருத்தி, முன்னால் மைக்கை வைத்து, பாடச் சொன்னார்கள். அவர் இரண்டு அடி பாடிவிட்டு நின்றுவிட்டார். மறந்துவிட்டது என்று நினைத்தார்கள். அவருக்கு மறக்கவில்லை. கையில் கயிறு இல்லை. இழுக்கிற பாரம் இல்லாமல் எந்த இடத்தில் மூச்சு விடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

நான் ஓடிப்போய் ஒரு கயிற்றை எடுத்து ஜன்னல் கம்பியில் கட்டி மறுமுனையைக் கையில் கொடுத்தேன். பின்னால் நானும் தம்பியும் பிடித்தோம். ஒரு இழுவை. பாட்டு தன்பாட்டில் வந்தது, நாற்பது நிமிடம் நிற்கவில்லை. ஜன்னல் கம்பி ஒன்று வளைந்து போனது, இன்றும் அப்படியே இருக்கிறது.

அந்தப் பதிவின் ஒரு பிரதி இன்றுவரை எங்களுக்கு வரவில்லை. கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டோம். இப்போது யாராவது மைக்கோடு வந்தால் மாமி கதவைத் திறப்பதில்லை. நீங்கள் அம்பா போட விரும்பினால் வாருங்கள். ஆனால் பதிவு முதலில் எங்கள் கைக்கு வர வேண்டும்.

கறுப்புக் கோட்டு எழுதியது:

கரைவலை சொன்னது வெறும் மரியாதைப் பிரச்சினை அல்ல, சட்டப் பிரச்சினையும்தான். இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் பாட்டை எழுதியவருக்கு மட்டுமல்ல, பாடியவருக்கும் உரிமை உண்டு. நாட்டாரிசைக்கும் அதில் பாதுகாப்பு வைத்திருக்கிறார்கள். ஆகவே ஒரு பக்கத்தில், தமிழில், பெரிய எழுத்தில் ஒரு படிவம் செய்யுங்கள்: யார் பாடினார், எங்கே, எப்போது, வானொலியில் போடலாமா, இணையத்தில் வைக்கலாமா, காசுக்கு விற்க முடியாது, பிரதி இத்தனை நாளுக்குள் தரப்படும். வாசித்துக் காட்டி ஒப்பம் வாங்குங்கள். சினிமாப் பாட்டுகளுக்கு நீங்கள் அனுமதி வாங்கியிருக்கிறீர்களா என்று நான் கேட்கப்போவதில்லை. ஆனால் ஒருநாள் யாராவது கேட்பார்கள். அன்றைக்கு உங்களிடம் மிஞ்சப்போவது நீங்களே பதிவு செய்தவைதான்.

பனிப்பிரதேசம் எழுதியது:

இந்தக் கடைசி வசனத்தை வேப்பங்காற்று சுவரில் எழுதி ஒட்ட வேண்டும். சினிமாப் பாட்டைப் போட உலகத்தில் ஆயிரம் வானொலி இருக்கிறது. குருநகர் மாமாவின் அம்பா வேறு எங்கே கேட்கும்? பழைய பதிவுகளுக்கு நூலகம் நிறுவனத்தையும் பாருங்கள். 2005 இல் தொடங்கிய எண்ணிம நூலகம் புத்தகத்தோடு நிற்கவில்லை. அவர்களின் ஆவணகத்தில் ஒலிப்பதிவுகளும் இருக்கின்றன.

டெசிபல் எழுதியது:

ஒரு சின்ன விஷயம், மறப்பதற்குள். அம்பாவைக் கடற்கரையில் பதிவு செய்தால் காற்று மைக்கைக் கொன்றுவிடும். பஞ்சு உறை போதாது, மயிர் உறை வேண்டும். இல்லையென்றால் அந்த ஜன்னல் வீட்டிலேயே செய்யுங்கள். வீட்டில் கசற் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று: பூஞ்சணம் பிடித்த கசற்றை அப்படியே பிளேயரில் போடாதீர்கள், அடுத்த கசற்றுக்கும் தொற்றும். நாலு மூலைத் திருகாணி உள்ளதென்றால் திறந்து நாடாவை எடுத்து வேறு நல்ல கூட்டுக்குள் மாற்றலாம். ஒட்டின கூடு என்றால் என்னிடம் கொண்டுவாருங்கள், நீங்களாகப் பிளேட் போட வேண்டாம்.

வேப்பங்காற்று எழுதியது:

இரண்டு கிழமை கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்கிறேன்.

மணிக்கு மூன்று என்ற விதியைக் கைவிட்டேன். ‘மண்ணின் இசை’ என்ற பெயரையும். பதினாறு பேரையும் கூப்பிட்டு, சினிமா தவிர வீட்டில் என்ன கேட்கிறீர்கள் என்று மட்டும் கேட்டேன். முதலில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு பாசையூர்ப் பெண் ஒருத்தி தன் அப்பப்பா கூத்தில் ராசா வேடம் போட்டவர், அவர் பாடியது போனில் இருக்கிறது என்றாள். ஹற்றனில் இருந்து வந்த பையனிடம் காமன் கூத்துத் தப்பு. இன்னொருவன் எங்கள் ஊர் ராப்காரர்களை எல்லாம் ஆளாளாகத் தெரியும் என்றான். மூவருக்கும் கிழமைக்கு அரை மணி. பேச வேண்டியதை அவர்களே பேசட்டும். பாரம்பரியம் என்ற சொல்லுக்கு ஒரு தடவை ஐம்பது ரூபாய் தண்டம். முதல் ஐம்பது நான்தான் கட்டினேன்.

பகல் இடைவேளையில் ஒரு பரிசோதனை. எல்லாருக்கும் தெரிந்த பழைய சினிமாப் பாட்டு ஒன்று, நாதஸ்வரமும் தவிலும் வருவது. அது முடிந்த கையோடு, ஒரு சொல்லும் பேசாமல், சத்தம் சரிசெய்த தெட்சணாமூர்த்தியின் தனி, முழுதாக. பதினொரு நிமிடம். நான் கன்ரீனிலேயே நின்று பார்த்தேன். ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டும் கதைத்துக்கொண்டும்தான் இருந்தார்கள், ஒருவரும் கண்ணை மூடித் தலையாட்டவில்லை. ஆனால் வடை போடுகிற அண்ணையின் கை, எண்ணெய் வடிக்கிற கரண்டியைத் தட்டின் விளிம்பில் தட்டத் தொடங்கியது. தீர்மானம் மூன்றாம் முறை வரும்போது அவர் அதைச் சரியாகப் பிடித்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்து ‘முந்தி எங்கட கோயில் கொடியேற்றத்துக்கு மேளம் பிடிக்கப் போறது நான்தான்’ என்றார். இரண்டு வருடமாக அவரிடம் தேத்தண்ணி குடிக்கிறேன், இது தெரியாது. அடுத்த மாதம் அவரை ஒலிப்பதிவு அறைக்குக் கூட்டிவரப் போகிறோம். வர மாட்டேன் என்று இப்போதைக்குச் சொல்கிறார்.

இணையத்தில் அந்தப் பதினொரு நிமிடமும் எண்ணிக்கை நாற்பத்தொன்றில் தொடங்கி முப்பத்தாறில் முடிந்தது. பெரிய வெற்றி என்று சொல்ல மாட்டேன். மருதடி ரீச்சரின் சோதனைக்கால மேளக் கச்சேரிக்கு அனுமதி கேட்டிருக்கிறோம். ‘இரவு பத்துக்குப் பிறகு சத்தமா’ என்று ஒரு கடிதம் வந்திருக்கிறது, இணையத்தில்தான் சத்தம் என்று பதில் எழுதியிருக்கிறேன்.

கரைவலை அண்ணை, படிவம் தயார். ஞாயிறு காலை ஆறரைக்கு நான்கு பேர் வரலாமா? பதிவு முடிந்த அன்றே பென்டிரைவில் போட்டு மாமியின் கையில் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவோம். மாமாவுக்கு என்ன கொண்டுவருவது, வெற்றிலை புகையிலை?

கரைவலை எழுதியது:

வாருங்கள். மாமியிடம் சொல்லிவிட்டேன், கதவு திறந்திருக்கும். புகையிலை வேண்டாம், டொக்டர் நிற்பாட்டிவிட்டார். நான்கு பேரும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், பின்னால் நின்று இழுக்க ஆள் வேண்டும். கயிறு எங்களிடம் இருக்கிறது.